கரை அடியில் கசிவா? சிமென்ட்டைத் தொடாதீர்கள்

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குப் 15 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்தில் ஓடையை மறித்துக் கட்டிய மண் அணை ஒன்று உள்ளே உண்டு. கரை உயரம் 22 அடி, நீர்ப்பரப்பு ஒரு ஏக்கர். இரண்டு வருடமாகக் கரையின் வெளிப்பக்கம் அடியில் ஓர் இடம் காயவே இல்லை, கோரை முளைத்திருக்கிறது. கீழே தார்ச்சாலையும் எட்டு வீடுகளும் இருக்கின்றன. ஒரு கான்ட்ராக்டர் கசியும் இடத்தில் கான்கிரீட் போட்டு, கரையை மூன்றடி உயர்த்தி, 'அணைப் பாதுகாப்புச் சான்றிதழும்' வாங்கித் தர 7 லட்சம் கேட்கிறார். இன்னொருவர் காசே வேண்டாம், தூர் வாரித் தருகிறேன் என்கிறார். மழையில் உடைந்தால் நமக்குப் பொறுப்பில்லை, 1874 தீர்ப்பே இருக்கிறது என்கிறார் வக்கீலாக இருக்கும் மாமா. யாரை நம்புவது?

பதில்: மூன்று பேரையும் நம்ப வேண்டாம். மாமாவை மட்டும் கொஞ்சம் மரியாதையாக மறுத்துக்கொள்ளலாம்.

முதலில் கசிவு. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியாத மண் கரையை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தத் தண்ணீரில் மண் வருகிறதா என்பதைத்தான். ஈரம் வழிந்து ஓடும் இடத்தில் ஒரு தகரத் துண்டை வைத்து, கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் ஒன்றும் படியவில்லை என்றால் இன்று ராத்திரி தூங்கலாம். நகக்கண் அளவு வண்டல் படிந்தாலும் கரை உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், ஒரு பக்கெட் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாரம் ஒருமுறை காலண்டரில் குறியுங்கள். கூடவே அன்றைய நீர்மட்டத்தையும் குறியுங்கள். மட்டம் அப்படியே இருக்க, பக்கெட் சீக்கிரம் நிறைய ஆரம்பித்தால் அதுவும் ஆபத்துதான்.

வெளிப்பக்கம் கான்கிரீட் போடுவது இருப்பதிலேயே மோசமான யோசனை. வாசலை அடைத்தால் தண்ணீர் திரும்பிப் போகாது. கரைக்குள்ளேயே தங்கி, மேலே ஏறி, மண்ணைச் சேறாக்கி, நீங்கள் பார்க்காத வேறோர் இடத்தில் வெளியே வரும். செய்ய வேண்டியது நேர் எதிரானது. ஈரமான இடத்தின் மேல் ஓர் அடிக்குக் கழுவிய மணல், அதன் மேல் ஓர் அடிக்குச் சல்லி, அதற்கும் மேல் கல். ஃபில்டர் காப்பி போடும் வீட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: டிகாக்‌ஷன் இறங்க வேண்டும், தூள் இறங்கக் கூடாது.

பாட்டிலில் தெளிந்த தண்ணீர்தான் என்றாலும் அக்டோபர் மழைக்கு முன் மதகைத் திறந்து ஐந்தடி இறக்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் வேண்டாம். மடமடவென்று இறக்கினால் ஊறிப்போன உள்சரிவு சரிந்துவிடும். மண் கலங்கி வந்தால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மதகு, மோட்டார், டியூப் எது கிடைக்கிறதோ அதை வைத்து இறக்குங்கள். அதற்கும் முன்னால் அந்த எட்டு வீட்டுக்காரர்களையும் வெளியேறச் சொல்லுங்கள், விஏஓ-வுக்கும் தகவல் சொல்லுங்கள். ஒரு ஏக்கரில் சராசரி பத்தடி என்று வைத்தால் உங்கள் தலைக்கு மேல் நிற்பது 12,000 டன் தண்ணீர். கென்யாவில் சோலாய் என்ற இடத்தில் 2018 மே மாதம் ஒரு தனியார் தோட்டத்து மண் அணை ராத்திரியில் உடைந்தது. கீழே இருந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள்.

சரி, இப்போது இலவசத் தூர்க்காரர். நான் அதிகம் பயப்படுவது இவருக்குத்தான். டீசல் போட்டு ஜேசிபி ஓட்டுகிறவர் உங்களுக்காக எதற்கு இலவசமாக ஓட்டுகிறார்? மண்ணுக்காக. நடுக்குளத்துச் சேறு விலை போகாது. விலை போவது கரையின் உள்பக்கம் அடியில் இருக்கும் நல்ல களிமண். அதுவோ தாத்தா காலத்திலிருந்து படிந்து படிந்து, கரைக்கு அடியில் தண்ணீர் புகாமல் மூடி வைத்திருக்கும் போர்வை. அதை வழித்து எடுத்துவிட்டால் கசிவு இன்னும் கூடும். ஒரு தோட்டத்தில் நானே பார்த்தேன். 'ஆழப்படுத்திவிட்டோம் சார்' என்று பெருமையாகக் காட்டினார்கள். உள்பக்கம் கரையை ஒட்டியே ஆறடிப் பள்ளம், அதன் சுவரில் பளிச்சென்று மணல் அடுக்கு தெரிகிறது. அதே ஜேசிபிக்காரர் போகிற போக்கில் கரையைக் குறுக்கே வெட்டி ஒரு பிவிசி குழாயும் புதைத்துக் கொடுத்திருந்தார், மண்ணைத் திமிசு போட்டு இடித்து இறுக்காமல் அப்படியே தள்ளி மூடி. முதல் நல்ல மழையில் குழாயைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மத்தியானத்துக்குள் அதே இடத்தில் ஒரு லாரி நுழையலாம். நல்லவேளை, கீழே காடு, வீடு இல்லை. தூர் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கரையிலிருந்து குறைந்தது ஐம்பதடி தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். அவர் வர மாட்டார், பாருங்கள்.

கரையை உயர்த்துவதும் வேண்டாம். அடி அகலம் கூட்டாமல் மேலே மட்டும் மண் கொட்டுவது கரைக்குத் தொப்பி வைக்கிற வேலை. உங்கள் பிரச்சினை கலிங்கில், அதாவது அணை நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் வாயில், இருக்கலாம். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனாலேயே சந்தேகப்படுகிறேன். உங்கள் அணைக்கு 40 ஏக்கர் சரிவிலிருந்து தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 7.5 செ.மீ. மழை கொட்டி அதில் பாதி ஓடி வந்தாலே விநாடிக்கு ஏறக்குறைய 1,700 லிட்டர். ஐந்தடி அகலக் கலிங்கில் இரண்டடி உயரத்துக்கு வழிந்தாலும் போவது சுமார் 1,200 லிட்டர்தான். மீதி ஏறிக்கொண்டே போகும், கடைசியில் கரையைத் தாண்டும். மண் கரையைத் தண்ணீர் தாண்டினால் கதை முடிந்தது. இதில் கலிங்கில் பலகை வைத்து அடைப்பது, மணல் மூட்டை அடுக்குவது, மீன் குத்தகைக்காரர் வலை கட்டுவது எல்லாம் வேறு நடக்கும். சில்வர் ஓக் இலை அந்த வலையை அரை மணி நேரத்தில் சுவராக்கிவிடும். இன்றே அறுத்துப் போடுங்கள். கரை மேல் மரம் இருக்கிறதா? அது சாய்ந்தால் வேரோடு கரையும் பெயரும். 2018-ல் கஜா புயல் உங்கள் மலையில் எத்தனை மரத்தை வேரோடு சாய்த்தது என்று உங்களுக்கே தெரியும்.

சான்றிதழ் சுத்த ஏமாற்று. 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் சில நிபந்தனைகள் உண்டு, அவை உங்களுக்கு வேண்டாம். உங்களுடையது ஏழு மீட்டர்கூட இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் உங்களுக்குச் சான்றிதழ் தர ஆளே கிடையாது. வெள்ளம் மட்டும் 15 மீட்டர் பார்த்துத்தான் கிளம்பும் போலிருக்கிறது! நீர்வளத்துறையைக் கேட்டால் தனியார் குளம் என்பார்கள், வேளாண் பொறியியல் துறையைக் கேட்டால் பண்ணைக்குட்டைக்கு மானியம் பற்றிச் சொல்வார்கள், வருவாய்த்துறை உடைந்த பிறகு வரும். அரசு அணை என்றாலும் இதே கதைதான். 2019-ல் மகாராஷ்டிரத்தில் உடைந்த திவரே அணை அரசு அணைதான். கசிகிறது என்று ஊரார் முன்பே சொல்லியிருந்தார்கள். அமைச்சர் பழியை நண்டு மேல் போட்டார். நண்டு வளை தோண்டும்தான், ஆனால் மனு வாங்கிப் பெட்டியில் வைத்தது நண்டு இல்லையே.

கடைசியாக மாமாவின் தீர்ப்பு. அது நிஜம்தான். கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. மெட்ராஸ் ரயில்வே வழக்குப் போட்டது. 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம், ஜமீன்தார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் காரணத்தைப் பாருங்கள். அந்த ஏரிகள் பழங்காலத்தவை, குடியானவர்களின் பாசனத்துக்கானவை. ஜமீன்தார் நினைத்தாலும் மூட முடியாது, பராமரிப்பது அவர் கடமை. ஊருக்காகக் கடமையாக வைத்திருப்பவரிடம், அஜாக்கிரதை இல்லாதபோது நஷ்டஈடு கேட்க முடியாது என்பதுதான் தீர்ப்பு. உங்கள் அணை ஊருக்கானதா? தாத்தா தன் காப்பிக்காகக் கட்டியது. நாளைக்கே நீங்கள் மூடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அப்படியே அந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று வைத்தாலும் அஜாக்கிரதை என்ற சொல் அதில் இருக்கிறதே. இரண்டு வருடமாக ஈரம் தெரியும், கீழே வீடு இருப்பது தெரியும் என்று நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த 7 லட்சத்தில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து, ஏரி வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அல்லது பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் மண் பொறியியல் பாடம் எடுப்பவரைக் கேளுங்கள். எனக்குப் படம் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் கலிங்குப் படம், அளவுகோலை ஓரத்தில் வைத்து. கரைப் படம் அப்புறம்.