பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் நழுவுகிறது: பிரித்துச் சரிசெய்வதா, வேறு கியர்பாக்ஸ் மாற்றுவதா?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: காருக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது, எஞ்சினும் பாடியும் நன்றாக இருக்கின்றன, ஆனால் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது பிடிப்பு இல்லாமல் நழுவி, வேகம் கூடாமல் எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறுகிறது. ஒரு பணிமனை கியர்பாக்ஸைப் பிரித்து ஓவர்ஹால் செய்துவிடலாம் என்கிறது. இன்னொன்று அதில் கை வைக்காமல் வேறு கியர்பாக்ஸை மாற்றிவிடுங்கள் என்கிறது. இரண்டு தரப்பும் தமக்கு எது வசதியோ அதைச் சொல்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால், கியர்பாக்ஸின் அடியில் ஆயிலைத் தாங்கும் தட்டான ஆயில் பானைக் கழற்றிப் பார்த்ததாகவோ, காரின் கணினியில் பதிந்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் என்ன வந்தது என்று விளக்கியதாகவோ உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. எது கெட்டது, எதனால் கெட்டது என்பது தெரியும்வரை இந்த இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கியர்பாக்ஸை இறக்காமலே கண்டுபிடிக்கக்கூடியவை நிறைய உண்டு. முதலில் ஆயில் அளவு. அளவு குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும்; அழுத்தம் குறையும்; கியர்களைப் பிடித்து இயக்கும் கிளட்ச் பிளேட்டுகள் இறுகாமல் வழுக்கும். வெறும் சீல் கசிவு காரணமாக இருக்கும் காருக்குக்கூட ஓவர்ஹால் பேசிவிடுகிறார்கள். அடுத்தது ஸ்கேனர். பி0700 என்ற குறியீட்டை மட்டும் காட்டி கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொன்னால் நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுக் கணினியில் வேறொரு குறியீடு பதிந்திருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அந்தக் கணினியையே படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். பி0733 வந்தால், உள்ளே வரும் சுழற்சியையும் வெளியே போகும் சுழற்சியையும் சென்சார்கள் ஒப்பிட்டு, மூன்றாவது கியரின் விகிதம் பொருந்தவில்லை என்று கண்டிருக்கின்றன என்று பொருள். உங்கள் காரின் அறிகுறிக்கு அது ஒத்துப்போகும். ஆயிலின் பாதையைத் திறந்து மூடும் மின்வால்வான சோலினாய்டு ஒன்றின் மின்சுற்றில் கோளாறு என்று வந்தாலோ கதையே வேறு. பல கார்களில் சோலினாய்டுகளையும், ஆயில் அழுத்தத்தைக் கிளட்ச்களுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பாடியையும் ஆயில் பானைக் கழற்றிய பிறகு கீழிருந்தே மாற்றிவிடலாம். கியர்பாக்ஸை இறக்கவே தேவையில்லை.

நல்ல மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது கியரோடு நிறுத்தமாட்டார், ரிவர்ஸையும் சோதிப்பார். பழைய வடிவமைப்புகள் பலவற்றில் மூன்றாவது கியருக்கும் ரிவர்ஸுக்கும் ஒரே கிளட்ச் தொகுதிதான் வேலை செய்கிறது. இரண்டிலும் நழுவினால் சந்தேகம் நேராக அந்தத் தொகுதியின் மேல் போகும். ரிவர்ஸ் உறுதியாகப் பிடித்து மூன்றாவது மட்டும் நழுவினால், அந்தத் தொகுதிக்கு மூன்றாவது கியரில் அழுத்தம் அனுப்பும் வால்வு, சோலினாய்டு பக்கம் தேட வேண்டும். எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் இறுகும் என்ற அட்டவணை ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் உண்டு. அதை எடுத்துவைத்துப் பேசுகிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம் என்பேன்.

பிறகு ஆயில் பான். அதைக் கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. பானின் அடியில் இருக்கும் காந்தத்தின் மேல் சாம்பல் நிறத்தில், கண்மை போல விரலில் வழவழவென்று தேயும் பசை படிந்திருந்தால், அது இத்தனை ஆண்டு ஓட்டத்தின் இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் துகள்களோ, வெளிச்சத்தில் மின்னும் சீவல்களோ இருந்தால், கியர், பேரிங், பம்பு என உறுதியான உலோகப் பாகம் எதுவோ அரைபட்டுக்கொண்டிருக்கிறது. ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சு எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்பாகக் கலங்கி நுரைத்திருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் கசிந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கிறது. இது மற்றவற்றைவிட மோசமானது. அந்த உராய்வுப் பூச்சு பெரும்பாலும் காகித நார் சேர்ந்தது, பசையால் இரும்புத் தட்டில் ஒட்டப்பட்டது; கூலன்ட்டில் உள்ள தண்ணீரும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் பட்டால் அந்த ஒட்டு விட்டுப்போகும். அப்போது நழுவுகிற ஒரு தொகுதியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

என் காரிலும் உங்கள் காரைப் போன்ற அறிகுறிதான் இருந்தது. பானில் சீவல் எதுவும் இல்லை, ஆயில் மட்டும் கறுத்திருந்தது. அதனால் பிரித்துச் செய்வது என்று முடிவெடுத்தேன். கியர்பாக்ஸைப் பிரித்தவர் பாகங்களைத் தட்டுகளில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுக் கூப்பிட்டார். கிளட்ச் பிளேட்டுகளை அடக்கிய உருளைகளில் (டிரம்) ஒரே ஒன்றிலிருந்து வந்த பிளேட்டுகள் மட்டும் பூச்சு முழுவதும் போய் வெறும் இரும்பாக, ஓரங்களில் நீலம் பாரித்துக் கிடந்தன. மற்ற தொகுதிகளின் பிளேட்டுகளில் பூச்சு இருந்தது. ஆனால் அவர் எனக்குக் காட்ட விரும்பியது அந்தப் பிளேட்டுகளை அல்ல. அவற்றை அழுத்தும் பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் சீலைக் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னார், வளையாமல் ஒடிந்தது. சூட்டில் ரப்பர் இறுகியதால் ஆயில் அழுத்தம் ஓரமாகக் கசிந்திருக்கிறது, பிஸ்டன் முழு விசையுடன் அழுத்தவில்லை, அரைகுறைப் பிடிப்பில் சுழன்ற பிளேட்டுகள் எரிந்திருக்கின்றன. சீலைப் பார்க்காமல் பிளேட்டுகளை மட்டும் மாற்றியிருந்தால் புதியவையும் அதே வழியில்தான் போயிருக்கும். காரணம் கைக்குக் கிடைத்த ஓவர்ஹால் நிலைக்கும் என்று நான் நம்புவது அதிலிருந்துதான்.

இங்கேதான் ஓவர்ஹாலின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. அந்த வேலையின் தரம் பிரிக்கிறவரின் கையைப் பொறுத்தது. ஒருவர் எரிந்த தொகுதியை மட்டும் மாற்றி மூடுவார். இன்னொருவர் எல்லா சீல்கள், எல்லா உராய்வுப் பிளேட்டுகள், புஷ்கள், ஃபில்டர் ஆகியவற்றை மாற்றி, பம்பின் இடைவெளியை அளந்து, வால்வு பாடியின் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று சோதித்துப் பூட்டுவார். இரண்டு பேர் கொடுக்கும் சீட்டிலும் ஓவர்ஹால் என்றே எழுதியிருக்கும். ஆகவே, எவை கட்டாயம் மாற்றப்படும், எவை பார்த்துவிட்டு முடிவு செய்யப்படும் என்று எழுதி வாங்குங்கள். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அது வெல்டு வைத்து மூடிய உருளை என்பதால் உள்ளே தங்கிய கசடை வெளியிலிருந்து கழுவி எடுக்க முடியாது. அறுத்துத் திறந்து சீரமைத்ததோ புதியதோ போடாமல், பழையதை அப்படியே திரும்ப மாட்டுகிறவர் சொல்லும் உத்தரவாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

மாற்றுவது என்றாலும் அதற்குள் வகைகள் உண்டு. தயாரிப்பாளரிடமிருந்து புதிது வாங்கினால் கவலை குறைவு, பணம் அதிகம். பழைய காருக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தொழிற்சாலை முறையில் பிரித்துச் சீரமைத்து, சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து அனுப்பப்படும் மறுசீரமைப்பு கியர்பாக்ஸ் கிடைக்கும் இடத்தில், உங்கள் பழையதை ஈடாகக் கொடுத்து அதை வாங்கலாம். ஒரே மாதிரியை மீண்டும் மீண்டும் பிரிக்கும் இடம் என்பதால், அந்த மாதிரியில் வழக்கமாகப் பழுதாகும் பாகம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களைச் சுற்றி ஆட்டோமேட்டிக் வேலையில் தேர்ந்த கை இல்லையென்றால் நான் இதையே சொல்வேன். மூன்றாவது, விபத்தில் சிக்கி உடைப்புக்குப் போன காரிலிருந்து கழற்றியது. விலையைக் கேட்டதும் மனம் அதன் பக்கம் சாயும். ஆனால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். கழற்றி வந்த கியர்பாக்ஸ் சில மாதங்களில் மக்கர் செய்தால் அந்தக் கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். விற்றவர் பொருளை மட்டும் மாற்றித் தருவார், கூலியைத் தரமாட்டார். இந்த வழியில்தான் போவது என்றால், எந்த வண்டியிலிருந்து வந்தது, எவ்வளவு ஓடியது என்பதற்குச் சான்று கேளுங்கள். மாட்டுவதற்கு முன்பே பானைத் திறந்து காந்தத்தைப் பார்த்து, பான் கேஸ்கெட்டையும் ஃபில்டரையும் புதிதாகப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

எந்த வழியானாலும் கூலரை மறந்துவிடக் கூடாது. பழைய கியர்பாக்ஸின் துகள்கள் கூலரிலும் அதன் குழாய்களிலும் தங்கியிருக்கும். கழுவாமல் விட்டால் புதிதாகப் போட்டதற்குள் அவை நேராகப் போய்ச் சேரும். அடைப்பு இருந்தால் ஆயில் சூடாகி, சீல்கள் மறுபடி இறுகும். சீவல் கண்ட வண்டிக்குக் கூலரையே மாற்றிவிடுவது நல்லது. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். அந்தச் சிறிய பாகத்துக்காகப் பின்னால் மறுபடி எல்லாவற்றையும் இறக்குவது வீண் செலவு. மாட்டிய பிறகு கட்டுப்பாட்டுக் கணினியில் பழைய தேய்மானத்துக்கு ஏற்பப் பதிந்த அளவுகளை அழித்துப் புதிதாகக் கற்றுக்கொள்ள விட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல கியர்பாக்ஸும் உதைத்துக்கொண்டு கியர் மாற்றும்.

இதே கேள்வியோடு வேறு வகைக் கார் வைத்திருப்பவர்களும் இங்கே வரக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் பிரித்துச் செய்வதையே முதலில் யோசியுங்கள். குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் கரகரத்தால் அது பெரும்பாலும் கியர் விழும் முன் இரு பக்கச் சுழற்சியையும் ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோனைசர் வளையம், எல்லாக் கியரும் விழ மறுத்தால் பெரும்பாலும் கிளட்ச் முழுமையாக விடவில்லை என்று பொருள். தனித்தனிக் கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் சிவிடி வகையில் என் விருப்பம் மாற்றுவதுதான். அதில் எஃகு பெல்ட் இரண்டு கூம்புப் புல்லிகளின் இடையே ஓடுகிறது. புல்லியின் முகத்தில் கீறல் விழுந்துவிட்டால் புது பெல்ட்டும் தாங்காது, அதைப் பிரிக்கப் பழகிய பணிமனைகளும் குறைவு. இரண்டு கிளட்ச்களால் கியர்களை மாறி மாறி இயக்கும் இரட்டைக் கிளட்ச் வகையில், கிளட்ச் தொகுதியும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதியும் பல மாதிரிகளில் தனித்தனியே மாற்றக்கூடியவை என்பதால், முழுப் பெட்டியையும் மாற்றச் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

பழுதுச் செலவு காரின் விற்பனை விலையில் பாதியைத் தாண்டினால் காரையே தள்ளிவிடு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. கியர்பாக்ஸ் போன காருக்குச் சந்தையில் மதிப்பு எப்படியும் இருக்காது. செலவை ஒப்பிட வேண்டியது, இதே நிலையில் உள்ள வேறொரு காரை வாங்க ஆகும் தொகையோடு; அந்த வேறொரு காரின் கியர்பாக்ஸ் எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியாது. உங்கள் எஞ்சின் நன்றாக இருக்கிறது, அடிப்பாகத்தில் துரு இல்லை என்றால் செலவு செய்யலாம். எஞ்சின் ஆயிலையும் குடிக்கிறது, சஸ்பென்ஷனும் தட்டுகிறது என்றால் உள்ள நிலையை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள்.

உங்கள் அறிகுறிகளை வைத்து மட்டும் சொல்வதானால், பானில் சீவல் இல்லை, கூலன்ட் கலக்கவில்லை, கிளட்ச் அட்டவணையை வைத்துப் பேசும் ஆள் ஒருவர் கிடைக்கிறார் என்றால் பிரித்துச் செய்யுங்கள். சீவல் இருந்தாலோ அப்படி ஓர் ஆள் இல்லையென்றாலோ மறுசீரமைப்பு கியர்பாக்ஸுக்குப் போங்கள். முடிவெடுக்கும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம். ஒவ்வொரு நழுவலும் கூடுதல் சூட்டையும் கசடையும் உள்ளே பரப்புகிறது. இன்று ஒரு தொகுதியோடு முடியக்கூடிய வேலை நாளை பம்பு வரை போகலாம். பணிமனைக்கு இழுத்துச் செல்ல நேர்ந்தால், எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸின் ஆயில் பம்பும் ஓடாது என்பதால், இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளாதபடி லாரியில் ஏற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.