கணவாய்க்கு ஆங்கிலத்தில் என்ன?

ஐயாவுக்கு வணக்கம். பாம்பன் பக்கம் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கடல் உயிர்களின் பெயர்களுக்காக எங்களிடம் இருக்கும் வண்ணப் படத்தாளில் வால்ரஸ், சீல், பென்குயின் எல்லாம் உண்டு. சூடை, காரல், ஓரா இல்லை. பிள்ளைகள் கேட்பது அவற்றைத்தான். "கணவாய்க்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?" என்றால் அகராதி ஒன்று சொல்கிறது, இணையம் வேறொன்று சொல்கிறது. ஜெல்லி ஃபிஷ் மீனா என்றும் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஆசிரியை, பாம்பன்

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் படத்தாளைச் சுருட்டி வையுங்கள். வால்ரஸ் வடதுருவத்துக் கடல் விலங்கு. அந்தத் தாளில் லாப்ஸ்டர் இருந்தால் அதற்குப் பெரிய கவ்வுகால்கள் இரண்டு வரைந்திருப்பார்கள். அது அட்லாண்டிக் கடல் வகை. நம் சிங்கி இறாலுக்குக் கவ்வுகால் கிடையாது, நீண்ட முள் மீசைதான் உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் ஸ்பைனி லாப்ஸ்டர். படத்தைப் பார்த்து "இது சிங்கி இல்ல டீச்சர்" என்று ஒரு பையன் சொன்னால் அவன் சொல்வதுதான் சரி.

கணவாய்க்கு வருவோம். அகராதியும் இணையமும் முரண்படுவதற்குக் காரணம், நாம் கணவாய் என்ற ஒரே சொல்லுக்கு முன்னொட்டு சேர்த்துப் பிரிப்பதை ஆங்கிலம் மூன்று தனிச் சொற்களாக வைத்திருப்பதுதான். ஊசிக்கணவாய் ஸ்க்விட். ஓட்டுக்கணவாய் கட்டில்ஃபிஷ். பேய்க்கணவாய் ஆக்டோபஸ். முதல் இரண்டையும் பிரித்தறிய முதுகுப் பக்கம் கீறிப் பார்த்தால் போதும். கூண்டுக் கிளிகளுக்குக் கொத்தக் கொடுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு வந்தால் கட்டில்ஃபிஷ். அந்த ஓடுதான் கட்டில்போன். கண்ணாடித்தாள் போல வளையும் மெல்லிய தகடு வந்தால் ஸ்க்விட். பழைய இறகுப் பேனாவின் சாயல் இருப்பதால் அந்தத் தகட்டுக்குப் பென் என்று பெயர். பேய்க்கணவாயில் இரண்டும் இருக்காது. (கட்டில்ஃபிஷ் என்றதும் வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். அந்தச் சொல் அதன் பிறகு மறக்காது.) கைகளையும் எண்ணச் சொல்லுங்கள். ஆக்டோபஸுக்கு எட்டுக் கை, ஆங்கிலத்தில் ஆர்ம்ஸ். மற்ற இரண்டுக்கும் எட்டுக் கைகளோடு இரை பிடிக்க நீளமான இரண்டு உண்டு. டென்டக்கிள் என்று சொல்ல வேண்டியது அந்த இரண்டை மட்டுமே. ஆக்டோபஸின் கைகளை டென்டக்கிள் என்று எழுதும் பாடப்புத்தகங்களுக்குக் குறைவில்லை. அதன் பன்மை ஆக்டோபஸஸ். 'ஆக்டோபை' என்பது கிரேக்கச் சொல்லுக்கு லத்தீன் வால் ஒட்டியது.

ஃபிஷ் என்று முடிவதால் மட்டும் எதையும் மீன் கணக்கில் சேர்க்க வேண்டாம். முன்பு ஆங்கிலத்தில் நீரில் வாழ்வது எதையும் ஃபிஷ் என்றார்கள். அந்தப் பழக்கம் பெயர்களில் தங்கிவிட்டது. ஜெல்லி ஃபிஷ், அதாவது நம் சொறி, மீன் இல்லை. ஸ்டார் ஃபிஷ்ஷும் இல்லை. மீனாகவே தோன்றாத கடல் குதிரை மீன்தான்: செவுள், துடுப்பு, முதுகெலும்பு மூன்றும் அதற்கு உண்டு. இந்த மூன்றையும் சோதனையாக வைத்துவிட்டால் பிள்ளைகளே தீர்ப்புச் சொல்வார்கள். கூடவே கில், ஃபின், பேக்போன் என மூன்று சொற்களும் வந்துவிடும்.

மீன் பெயர்களில் சூடை சார்டின், நெத்திலி ஆன்ச்சவி, ஓரா ராபிட்ஃபிஷ், திருக்கை ரே. காரலுக்குப் பழைய நூல்களில் சில்வர்பெல்லி, இப்போது போனிஃபிஷ் (ponyfish). சிக்கல் சீலாவில் வரும். இங்கே சீலா என்பதைச் சென்னையில் வஞ்சிரம் என்பார்கள். அங்கே ஷீலா என்றால் பாரகூடா. ஆங்கிலத்திலும் இதே கதைதான்: இந்தியாவில் சீர் ஃபிஷ், வெளிநாட்டில் ஸ்பானிஷ் மாக்கரெல். நம் சந்தையில் மாக்கரெல் என்றால் கானாங்கெளுத்தி. இந்தியன் சால்மன் என்று விற்கும் காலாவும் சால்மன் இனமே அல்ல. ஆகவே சொற்பட்டியலில் ஊர்ப்பெயர், ஆங்கிலப் பெயரோடு அறிவியல் பெயருக்கும் ஒரு பத்தி வையுங்கள். 1947-இல் தொடங்கிய, மண்டபத்திலும் மையம் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளில் அறிவியல் பெயரோடு தமிழ்ப் பெயரும் கிடைக்கும்.

ஆவுளியாவுக்கு டூகாங். மலாய் மொழியிலிருந்து போன சொல். கடற்பசு என்பது சீ கௌ என்பதைப் பார்த்துப் புத்தகத்துக்காக ஆக்கியது, கரையில் ஆவுளியாதான். அது மேய்வது கடற்பாசியை அல்ல, கடற்புல்லை. சீகிராஸுக்கு வேரும் பூவும் விதையும் உண்டு, சீவீடுக்கு மூன்றும் இல்லை. பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது, சொற்களை மட்டும் கொடுங்கள்.

ஆமையில், கடலில் இருப்பது டர்ட்டில், நிலத்தில் இருப்பது டார்ட்டஸ். பேராமைக்கு கிரீன் டர்ட்டில் என்ற பெயர் ஓட்டின் நிறத்தால் வந்ததல்ல, உள்ளிருக்கும் கொழுப்பின் பச்சையால் வந்தது. அழுங்காமை ஹாக்ஸ்பில், பருந்தின் அலகு போன்ற வாய்.

நஞ்சுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொல். குத்தியோ கடித்தோ ஏற்றுவது வெனமஸ்: சொறி, திருக்கையின் வால்முள். தின்றால் தாக்குவது பாய்சனஸ்: பேத்தை, அதாவது பஃபர்ஃபிஷ். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

வகுப்புக்கு எதைக் கொண்டுவரலாம் என்பதிலும் கவனம் வேண்டும். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் இவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டைக்கூட மேசையில் வைக்காதீர்கள், படம் போதும். சூடை, காரல், இறால், நண்டு, கணவாய் இவற்றைத் தாராளமாகக் கொண்டுவரலாம். பெட்டியில் ஐஸ் நிறையப் போட்டு, கணவாயை முதல் பாடவேளையிலேயே எடுத்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் அந்த வகுப்பில் யாரும் உட்கார முடியாது.