பாலுக்கு ஒரு தேயிலை, சாயத்துக்கு ஒரு தேயிலை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நுவரெலியாத் தேயிலை என்று எழுதப்பட்ட, நீண்ட இலைகள் கொண்ட ஒரு தகரப்பேணியை அதிக விலை கொடுத்து வாங்கினேன். பால்மா சேர்த்து ஊற்றினால் நிறமும் இல்லை, ருசியும் இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். என்னை ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேணிக்குள் இருப்பது உண்மையான நுவரெலியாத் தேயிலையாகவே இருக்க வேண்டும். பால் சேர்த்தால் நிறம் காட்டாமல் ஒதுங்கிக்கொள்வது அந்தத் தேயிலையின் இயல்பு. ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், குளிரில், கொழுந்து மெதுவாக வளர்கிறது. வாசனை கூடுகிறது, சாயம் வெளிறிய பொன்னிறமாக இறங்குகிறது. பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிணைத்துக்கொள்ளும் என்பதால், துவர்ப்பும் நிறமும் மெல்லியதாக உள்ள தேயிலையில் பால் பட்டவுடன் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய அந்த வாசனை அடியில் போய்விடுகிறது. 2,000 அடிக்குக் கீழே சப்ரகமுவவிலும் காலி, மாத்தறைப் பக்கத்திலும் விளையும் தேயிலை இதற்கு நேர் எதிரானது. வெப்பத்தில் வளர்ந்த அதன் இலை கறுத்து, சாயம் கடுஞ்சிவப்பாக இறங்கி, எவ்வளவு பால் ஊற்றினாலும் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது இலையின் அளவு. உங்கள் பேணியில் ஓ.பி. என்ற எழுத்துகள் இருக்கும் என்று நினைக்கிறேன். ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பொதிகளில் காணப்படும் குறியீடுகளை முதல் தரம், இரண்டாம் தரம் என்ற வரிசையாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். தொழிற்சாலையில் சல்லடையால் சலிக்கும்போது பிரியும் இலைத்துண்டின் அளவையே அவை முதன்மையாகச் சொல்கின்றன. நீண்டு சுருண்ட இலை ஓ.பி.; உடைந்தது பி.ஓ.பி.; அதைவிடப் பொடியானது பி.ஓ.பி.எஃப்.; தூளாக இருப்பது டஸ்ட். துண்டு சிறிதாகச் சிறிதாகச் சாயம் விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் பறித்த கொழுந்திலிருந்தே இவை நான்கும் கிடைக்கும் என்பதால், நல்ல தோட்டத்து டஸ்ட் மோசமான தோட்டத்து ஓ.பி.யைவிடப் பல மடங்கு சிறந்ததாக இருக்கலாம்.

ஆகவே பால்மாவுக்கு, தாழ்நிலத்தில் அல்லது கண்டிப் பக்கத்து நடுமலையில் விளைந்த பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட் வாங்குங்கள். சி.டி.சி. என்று குறித்த, சிறு மணிமணியாக உருண்ட தேயிலையும் பாலுக்கு நன்றாகவே பொருந்தும். வீட்டிலுள்ள பேணியைக் கொட்டிவிட வேண்டாம். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் என்ற அளவில் இலையைப் போட்டு, அப்போதுதான் கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, நான்கு நிமிடங்கள் விட்டு வடித்துப் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள். குடிப்பதற்கு முன்பு கோப்பையின் விளிம்பைக் கவனியுங்கள். சாயம் பீங்கானைத் தொடும் இடத்தில் ஒரு மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரிந்தால் நல்ல இலைதான் கைக்கு வந்திருக்கிறது. வடித்த இலையும் மங்கிய கரும்பழுப்பாக இருக்கக் கூடாது.

முறைப்பாடு பற்றி: பொருளில் பழுது இல்லாதபோது கடைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை. உள்ளே இருப்பது பொதியில் எழுதியதற்கு மாறாக இருந்தாலோ, குறித்த விலைக்கு மேல் வாங்கினாலோ நிலைமை வேறு. அப்போது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை வியாபாரிக்கு உண்டு. தேயிலைக்கு யார் பற்றுச்சீட்டு கேட்பது என்று கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் எங்களுக்கு எதை வாங்குவது என்று சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் எந்தத் தேயிலை இருக்கிறது? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: இரண்டு எப்போதும் இருக்கும், மூன்றாவது பருவத்துக்கு மட்டும். நான் வளர்ந்த வீட்டில் தேத்தண்ணி என்றால் டஸ்ட் தேயிலை, பால்மா, சீனி மூன்றும் சேர்ந்ததுதான். அதன் மேல் எனக்கு இன்றைக்கும் பற்றுக் குறையவில்லை. மாலையில் பசியோடு வருகிறவருக்கு வேறு எந்தத் தேயிலையும் அந்த நிறைவைத் தராது. ஆகவே முதலாவது, சப்ரகமுவ பி.ஓ.பி.எஃப்.

தேயிலையில் ருசி வேறுபாடு என்று ஒன்று இருப்பதை எனக்கு உணர்த்தியது பண்டாரவளையில் உறவினர் வீட்டில் கிடைத்த வெறும் சாயம். மலையகத்தில் அதைச் சாயத்தண்ணி என்பார்கள். ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் புதினா நசுக்கியது போன்ற ஒரு குளிர்ந்த மணம் வந்தது, அதில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன். எதுவும் கலக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வரண்ட காற்றாக இறங்குகிறது. அந்த வரட்சியைத் தாங்கும் முயற்சியில் கொழுந்துக்குள் உண்டாகும் சேர்மங்கள்தான் அந்த மணத்தைத் தருகின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தப் பருவம். அதே தோட்டத்தின் நவம்பர்த் தேயிலையில் அந்த மணத்தைத் தேடினால் கிடைக்காது. எனவே ஊவாத் தேயிலையைச் செப்டெம்பர் பிற்பகுதியில் மட்டும், பறித்த காலத்தை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நூறு கிராம் அளவில் வாங்குகிறேன்.

காலையில் குடிப்பது திம்புள்ள பி.ஓ.பி., சீனி இல்லாமல். மேற்குச் சரிவான திம்புள்ளையில் வரட்சி ஜனவரி முதல் மார்ச் வரை வருவதால் அங்கு நல்ல பருவமும் அப்போதுதான். ஊவாவின் மணம் அதில் இல்லை, ஆனால் நாக்கில் சுறுக்கென்று படும் ஒரு தெளிவு இருக்கிறது. நாள்தோறும் குடிக்க அதுவே எனக்குப் போதும். சீனி வேண்டும் என்கிறவர்கள் கித்துள் கருப்பட்டியை ஒரு துண்டு கடித்துக்கொண்டு சாயத்தைக் குடித்துப் பாருங்கள். கோப்பைக்குள் சீனியைக் கரைத்தால் மறைந்துபோகும் ருசி அப்போது மறையாது.

மொட்டுகளை மட்டும் கையால் பறித்து உலர்த்தும் வெள்ளி முனைத் தேயிலையைப் பலர் கேட்கிறார்கள். அதில் உள்ள உழைப்பு பெரியது, விலையும் அதற்கேற்றதே. ஆனால் கடும் சாயத்துக்குப் பழகிய எங்கள் நாக்குக்கு அது வெந்நீர் போலவே படும். அந்தப் பணத்துக்குத் தோட்டத்தின் பெயர் அச்சிட்ட நல்ல பி.ஓ.பி. வாங்கலாம். தோட்டத்தின் பெயர் சொல்லும் பொதிகளை நான் விரும்பி எடுப்பதற்கு வேறு காரணமும் உண்டு: எந்த மலையில், எவருடைய கைகள் பறித்த கொழுந்து என்பது குடிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். கொழும்பில் இருக்கும் நமக்கு இந்தத் தேர்வு எளிது. 1883 முதல் இலங்கைத் தேயிலையின் ஏலம் இந்த நகரத்தில்தான் நடந்துவருகிறது என்பதால் எல்லா மலைகளின் தேயிலையும் இங்கே வந்து சேர்கிறது.

கேள்வி: புறக்கோட்டையில் நிறுத்து விற்கும் தூளைத் தண்ணீரில் போட்டவுடனேயே நிறம் இறங்குகிறது. சாயப்பொடி கலந்திருக்குமா? (வாசகர், மருதானை)

பதில்: டஸ்ட் தேயிலை நல்லதாக இருந்தாலும் பச்சைத் தண்ணீரிலேயே ஓரளவு நிறம் காட்டும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளை வடிதாள் ஒன்றில் சிறிது தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தூளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி விட்டு, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல தேயிலை தாளில் கறை விடாது. சாயப்பொடி இருந்தால் திட்டுத் திட்டாகக் கறை படிந்திருக்கும்.

சாயப்பொடியைவிட அதிகம் கவனிக்க வேண்டியது கழிவுத் தேயிலை. தொழிற்சாலையில் தேயிலையிலிருந்து பிரித்து ஒதுக்கும் நாரும் காம்பும் தேயிலைச் சபையின் அனுமதியின்றிக் கையாளக் கூடாதவை; அவை இரகசியமாக அரைக்கப்பட்டு மலிவுத் தூளாகக் கடைக்கு வருவதுண்டு. தூளை உள்ளங்கையில் பரப்பினால் வெளிறிய பழுப்பு நார்கள் நிறையத் தெரிந்தாலோ, விலை மற்றக் கடைகளைவிட மிகக் குறைவாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். உறுதி வேண்டுமானால், வாளேந்திய சிங்கச் சின்னம் உள்ள பொதியை வாங்கலாம். இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமான அந்தச் சின்னம், உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை என்பதையும் இங்கேயே பொதி செய்யப்பட்டது என்பதையும் சொல்கிறது. உங்கள் ருசிக்கு அது பொருந்துமா என்பதை அந்தச் சின்னம் சொல்லாது.

கேள்வி: நான் குடிக்கும் அதே தேயிலையை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்புகிறேன். அங்கே தேத்தண்ணி கறுத்து, மேலே ஆடை போல ஒன்று படிகிறதாம். பழைய தேயிலையைத் தந்துவிட்டார்களா? (வாசகி, தெஹிவளை)

பதில்: தேயிலையில் குறையில்லை. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்கு ஊடாக வருவதால் கடினமானது. அதிலுள்ள கல்சியம் தேயிலையின் சேர்மங்களோடு கூடி அந்த ஆடையை உண்டாக்குகிறது, சாயத்தையும் மங்கவைக்கிறது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவதால் இந்தத் தொல்லை இங்கே இல்லை. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படியும் வெள்ளைப் பொடியை விட்டுத் தெளிந்ததை மட்டும் இறுத்து, அதை மீண்டும் கொதிக்கவைத்துத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லுங்கள். மழைநீர் சேமிக்கும் வீடாக இருந்தால் இன்னும் நல்லது. வெறும் சாயம் குடிப்பவராக இருந்தால் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டாலும் ஆடை நீங்கும். உயர்மலைத் தேயிலையை அந்தத் தண்ணீருக்கு அனுப்புவது வீண் செலவு, தாழ்நில பி.ஓ.பி.எஃப். அனுப்புங்கள், காற்றுப் புகாத பேணியில், மிளகாய்த்தூள் சரக்குத்தூள் பொதிகளோடு சேர்க்காமல்.