வாட்டர்கலர்ல கலர் ஏன் சேறாகுது?

கேள்வி: ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சு, வயசு 61. ரொம்ப நாள் ஆசைன்னு வாட்டர்கலர் ஆரம்பிச்சேன். பேப்பர் அலை அலையா நெளியுது, ரெண்டு தடவை தேய்ச்சா திரி திரியா வருது, கலர் எல்லாம் சேறு மாதிரி ஆயிடுது. நல்ல பெயின்ட் வாங்கணுமா, இல்ல இந்த வயசுல எனக்குக் கை வராதா?

பதில்: கை வரும். பெயின்ட் இருக்கறதே போதும், பேப்பரை மாத்துங்க. நெளியறதும் திரியறதும் மெலிசான டிராயிங் பேப்பரோட குணம், உங்க தப்பே இல்ல. 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனம்), கோல்ட் பிரெஸ்டு (மேற்பரப்போட வகை), முடிஞ்சா 100% காட்டன்னு பார்த்து வாங்குங்க, லேசா சொரசொரன்னு இருக்கும், தண்ணியைச் சட்டுனு குடிச்சிடாம கொஞ்ச நேரம் மேலயே வெச்சிருக்கும், அந்தக் கொஞ்ச நேரத்துலதான் வாட்டர்கலரோட மொத்த அழகும் நடக்குது. விலை ஜாஸ்தியா தெரிஞ்சா ஷீட்டை எட்டா வெட்டிக்குங்க, பின்பக்கமும் போடலாம்.

சேறாகுறதுக்குக் காரணம் வேற. நாலஞ்சு கலரை ஒண்ணா குழைக்கறோம், காயறதுக்குள்ள மறுபடி பிரஷ்ஷை வெக்கறோம். ஒரு வாரம் அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் மட்டும் வெச்சுப் போட்டுப் பாருங்க, நீலம் கூடினா மழை மேகம், சியன்னா கூடினா நனைஞ்ச மண்ணு, ரெண்டுக்கும் நடுவுல என்ன அழகான சாம்பல் நிறம் தெரியுமா! காஞ்சதும் எல்லாமே கொஞ்சம் வெளுக்கும், அதனால கலரை ஒரு சுத்து அடர்த்தியாவே போடுங்க.

வானம் போட்டு முடிச்சதும் பேப்பரை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னும். கொஞ்ச நேரத்துல அந்த மினுமினுப்பு மங்கிடும், ஆனா புறங்கையை வெச்சா இன்னும் ஜில்லுன்னு இருக்கும். அந்த நேரத்துலதான் எல்லாருக்கும் கை பரபரக்கும், ஒரு சின்ன திருத்தம்னு ஈர பிரஷ்ஷை வெச்சா புதுத் தண்ணி பாதி காஞ்ச கலரைத் தள்ளிக்கிட்டுப் போய் காலிஃப்ளவர் மாதிரி ஓரமெல்லாம் சுருள் சுருளா கறையை விட்டுடும், நானும் இப்படி எத்தனையோ வானத்தைக் கெடுத்திருக்கேன். ஜில்லுன்னு இருக்கற வரைக்கும் தொடாதீங்க. எழுந்து போய் வேற வேலை பாருங்க, இல்லன்னா பக்கத்துல இன்னொரு துண்டு பேப்பர்ல அடுத்த படத்தை ஆரம்பிங்க. வேலைக்குப் போய்ட்டிருந்த காலத்துல இப்படிக் காத்திருக்க நமக்கு எங்க நேரம் இருந்துச்சு, இப்ப இருக்கே!

ஒண்ணு மட்டும், சரியா வராத படத்தைக் கிழிக்காதீங்க, பின்னாடி தேதி எழுதி எடுத்து வைங்க.