துணுக்காய்த் தம்பிக்கு: அப்பாவை நித்திரை கொள்ள விடாத படம்

தம்பி, இரவில்தான் சிக்னல் கொஞ்சம் வரும், அப்பாவோ எந்தப் படம் போட்டாலும் முதல் பாட்டோடு நித்திரை என்று எழுதியிருந்தீர்கள். சரி, பாட்டே இல்லாத படத்தைப் போடுங்கள்.

2016இல் வந்த ‘குற்றமே தண்டனை’. ‘காக்கா முட்டை’ எடுத்த மணிகண்டன்தான். ஆனால் இதைப் பற்றி ஆட்கள் பெரிதாகக் கதைக்கவில்லை. நாயகன் விதார்த்துக்குக் குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும்தான் பார்வை. அந்த மனிசன்தான் எதிர்வீட்டுக் கொலைக்குச் சாட்சி. உண்மையைச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு கண் சிகிச்சைக்குக் காசு வாங்குவதா? திரை அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒடுங்கியபோது எங்கள் அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்! இரண்டு மணி நேரம்கூட ஓடாது. இளையராஜாவின் பின்னணி இசை இருக்கிறது, சத்தத்தைக் குறைக்க வேண்டாம்.

‘ஆரண்ய காண்டம்’ (2011) இதைவிடப் பெரிய படம். ஆனால் அதிலுள்ள பேச்சு அப்பாவோடு இருந்து கேட்கிற பேச்சில்லை, தனியப் பாருங்கள்.

தொடர் வேண்டுமென்றால் ‘சுழல்’, 2022. கதை மயானக் கொள்ளை என்கிற அம்மன் திருவிழாவோடு போகும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வருகிற ஆளென்றால் அப்பா எழும்பி உட்காருவார். கிளிநொச்சிக்கு வரும் நாளில் எட்டுப் பகுதியையும் போனில் இறக்கி வையுங்கள்.