கணினி கேள்வி–பதில்: கேமிங் லேப்டாப்பில் லினக்ஸ்

கே: என் லேப்டாப்பில் இன்டெல் பிராசஸர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா? கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, எல்டன் ரிங், வாலரன்ட் மூன்றும் ஆடுவேன்.

ப: தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் உங்கள் பட்டியலில் வாலரன்ட் மட்டும் ஓடாது. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் அதன் ஆன்டி-சீட்டான வான்கார்ட், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அமர்ந்து வேலை செய்கிறது. லினக்ஸுக்கு அது வரவே இல்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. எல்டன் ரிங், ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் 2018-ல் கொண்டுவந்த புரோட்டான் வழியாக ஓடும்; விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் கருவி அது. வேறு கேம் வாங்கும் முன் அது லினக்ஸில் ஓடுமா என்று புரோட்டான்டிபி தளத்தில் பார்த்துவிடுங்கள். ஆன்லைன் கேம்களில் இன்று ஓடுவது நாளை நிற்கலாம்: ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் இறுதியில் கதவை அடைத்துவிட்டார்கள். அதனால் விண்டோஸை வைத்துக்கொள்ள நினைப்பது சரியான முடிவு.

எதையும் தொடும் முன், டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதுங்கள். பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் அமைப்பை, அதாவது கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவலை, மாற்றினாலே விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனதுதான். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த டிரைவில் எழுத லினக்ஸ் மறுக்கும்.

பிறகு 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று மட்டும் சோதியுங்கள். கேம் வேகத்தை இந்த நிலையில் எடைபோட வேண்டாம். என்விடியாவின் சொந்த டிரைவர் அப்போது இயங்காது.

நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லையென்றால், எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல் விஎம்டி என்ற பயாஸ் அமைப்பைச் சந்தேகியுங்கள். அதை நேரடியாக அணைத்தால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள். மறுதொடக்கத்தில் விஎம்டியை அணைத்து, ஒருமுறை சேஃப் மோடில் நுழைந்து, பிறகு சேஃப் பூட்டை எடுத்துவிடுங்கள்.

லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால் தனி எஸ்எஸ்டி போட்டு அதில் லினக்ஸை வையுங்கள். நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். ஸ்லாட் இல்லையென்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே 150 ஜிபி சுருக்கி ஒதுக்குங்கள்.

கே: மின்ட் நிறுவி, டிரைவர் மேனேஜரில் என்விடியா டிரைவரும் போட்டுவிட்டேன். ஆனாலும் கேம் திக்கித் திணறுகிறது. சில கேம்கள் திறக்கவே இல்லை.

ப: இரண்டும் வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம். செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்பில் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கையொப்பம் ஏற்கப்படாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. கேம் இன்டெல் கிராஃபிக்ஸிலேயே ஓடும். டிரைவரை நீக்கி மறுபடி போட்டு, அந்தத் திரையை முடியுங்கள். பிறகு ஸ்டீம் ஐகானில் வலது கிளிக் செய்து என்விடியாவில் இயக்கும் தேர்வை அழுத்துங்கள்.

திறக்காத கேம்கள் விண்டோஸ் டிரைவில் இருக்கின்றனவா? ஒரே கேமை இருமுறை இறக்குவானேன் என்று ஸ்டீமுக்கு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை கொண்ட டிரைவைக் காட்டுவது வழக்கம். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் உருவாக்கும் கோப்புறையில் முக்காற்புள்ளி (:) கொண்ட பெயர்கள் வரும். விண்டோஸ் அவற்றை ஏற்காது. கேம் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும், சில நேரம் டிரைவில் பிழையும் சேரும். கேம்களை லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையான எக்ஸ்ட்4 பகுதிக்கு மாற்றுங்கள்.

கே: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறது. பேட்டரி பழுதா?

ப: இல்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்தினால் சரியாகும்.