ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்றால் முடக்குவாதம் இல்லை என்று பொருளா?

பாலக்கோடு நண்பருக்கு வணக்கம். உங்கள் அம்மாவுக்குக் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்குவதில்லை என்றும், ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதால் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு அழற்சி நோய்) இல்லை என்று லேபில் சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு தாளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது நெகட்டிவாகவே வரும்.

மருத்துவர் முதலில் பார்ப்பது கையைத்தான். விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தி, வீக்கம் மெத்தென்று இருக்கிறதா, எலும்பாகக் கெட்டியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இரு கைகளிலும் மணிக்கட்டும் நடுக்கணுக்களும் மெத்தென்று வீங்கியிருந்தால் முடக்குவாதத்தையும், நுனிக்கணுவில் கெட்டியான முடிச்சு தென்பட்டால் மூட்டுத் தேய்மானத்தையும் அவர் முதலில் சந்தேகிப்பார். அதன் பிறகே உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்தை உறுதிசெய்ய உதவும் ஆன்டி சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் எக்ஸ்ரேயும் வரும். தொடக்க மாதங்களில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கலாம்.

நம் தருமபுரி மாவட்டத்தில் இன்னொன்றையும் அவசியம் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் அம்மா பல ஆண்டுகள் ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்தவரா? ஃபுளோரைடு எலும்பில் படிந்தாலும் முதுகும் மூட்டும் இறுகி வலிக்கும். முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீரில் ஃபுளோரைடு அளவும் அதைக் கண்டறிய உதவும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டும் வரை, வலிக்கு என்று யாரிடமும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். வீக்கம் தற்காலிகமாக வற்றி, மருத்துவர் கைக்குத் தெரிய வேண்டியது மறைந்துவிடும்.